ஆறாயிரம் ரூபாயை மிச்சம் பிடித்த கதை

வீட்டுக்கு அத்திவாரம் வெட்டப் போகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், மேசனைத் தேடுவதற்கு முதல் ஒரு அலவாங்கை, அதாவது கடப்பாரையை, தேடுங்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எனக்கு இதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை. என் கணவர் கட்டாரில். அப்பா இல்லை. தம்பிமார் இரண்டு பேரும் கொழும்பில் வேலை. நான் திருகோணமலையில் கணிதம் படிப்பிக்கிறவள். பாடசாலை விட்டு வந்து, பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றிவிட்டு, குடையையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு காணிக்குப் போவேன். மேசன் கேட்ட காசைக் கொடுப்பேன், படம் எடுத்து இவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவேன். வீடு கட்டுவதென்றால் இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

காணி சாம்பல்தீவுப் பக்கம், நிலாவெளி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில். 14 பேர்ச். உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டினேன், நில அளவையாளரைக் கூப்பிட்டு எல்லைக்கல் பார்த்தேன், பிரதேச சபையில் பிளான் பாஸ் பண்ணினேன். கடலுக்குக் கிட்டக் காணி வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் வந்தால் அது கரையோர வலயம், அதற்கான திணைக்களத்தின் அனுமதியும் தேவை. என் காணி அதற்கு வெளியே இருந்தது. கடதாசி விசயத்தில் ஒரு குறையும் விடவில்லை என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. காணிக்கு மேலே எல்லாம் பார்த்தேன். கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

நாட்கல், அதாவது அடிக்கல், வைத்தது 2023 ஆவணியில். அதுவே முதல் பிழை. சாத்திரியார் குறித்த நாள் நல்ல நாள்தான், ஆனால் எங்கள் ஊரில் ஐப்பசி பிறந்தால் மாரி. வருசத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில்தான் கொட்டும். மணல் தரையில் நிலத்தடி நீர் அந்த நாட்களில் சடாரென்று மேலே வந்துவிடும். கோடையில் எட்டடியில் கிடக்கிற கிணற்றுத் தண்ணீரை மாரியில் குனிந்து வாளியால் அள்ளலாம். அத்திவார வேலையைப் பங்குனி, சித்திரையில் தொடங்கினால் வெட்டிய கிடங்கு காய்ந்திருக்கும், நிதானமாக வேலை செய்யலாம். நாங்கள் மழைக்கு முதல் முடிக்க வேண்டும் என்று ஓடினோம். ஓடுகிறவனிடம் நின்று பார் என்றால் கேட்பானா?

மேசன் கெட்டிக்காரர். அவர் கட்டிய வீடுகளை உவர்மலையிலும் பாலையூற்றிலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பிடித்தேன். கூலிக் கொந்தராத்து, சாமான் என்னுடையது. முதல் நாள் முளை அடித்து நூல் கட்டினார். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு "சரி ரீச்சர், வெட்டுவம்" என்றார். நானும் தலையாட்டினேன். ஒன்பதாம் வகுப்புக்குப் பைதகரசு தேற்றம் படிப்பிக்கிற நான், ஒரு மூலையிலிருந்து இந்தப் பக்கம் 3 அடி, அந்தப் பக்கம் 4 அடி அளந்தால் குறுக்கே சரியாக 5 அடி வர வேண்டும் என்பதை அங்கே நினைக்கவில்லை. பெரிய வீட்டுக்கு 12, 16, 20 என்று அளந்தால் இன்னும் துல்லியம். கடைசியில் நாற்சதுரத்தின் மூலைவிட்டங்கள் இரண்டையும் நாடாவால் இழுத்துப் பார்த்தால் ஒரே அளவு வர வேண்டும். எங்கள் முன் அறையில் நான்கு அங்குலம் வித்தியாசம். தரைக்குத் தைல்ஸ் பதிக்க வந்த பெடியன்தான் கண்டுபிடித்தான். சுவரோரம் ஆப்பு மாதிரி வெட்டி வைத்த தைல்ஸ் வரிசை இன்றைக்கும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

இனி முக்கியமான இடம். மூன்றாம் நாள் தென்மேற்கு மூலையில் தூண் கிடங்கு வெட்டினார்கள். மற்ற இடமெல்லாம் மஞ்சள் கலந்த வெள்ளை மணல். அந்த மூலையில் மட்டும் ஓரடிக்குக் கீழே மண் கறுப்பாக வந்தது. உக்கின பனை மட்டை, தென்னம் பொச்சு, ஒரு உடைந்த சட்டி. கிடங்கின் பக்கம் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. கூலிக்கு வந்த தம்பி அலவாங்கை ஓங்கிக் குத்தினான், முழங்கை அளவு உள்ளே போய் அப்படியே நின்றது. இழுத்து எடுக்கும்போது நுனியில் சேறு. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன பாஸ் இது?" என்று கேட்டேன். "பழைய குப்பைக் கிடங்காக்கும் ரீச்சர். கல்லைக் கூடப் போட்டு இறுக்கினாச் சரி" என்றார். வயிற்றுக்குள் ஏதோ செய்தது. இரண்டு பேரை இன்னும் ஒரு நாள் விட்டு அடி காணும் வரை தோண்டிப் பார்ப்போமா என்று கேட்டேன். "அது சும்மா ஆறாயிரம் தண்டம்" என்றார். சரி என்றுவிட்டேன். மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லாமல் போனது அந்த "சரி"யால்தான்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் பழகிய தரை வேறு. உவர்மலையில் இரண்டடி வெட்டினால் அலவாங்கு கணீரென்று சத்தம் போடும், அங்கே பாறையை உடைப்பதுதான் பாடு. தம்பலகாமம் பக்கம் வயல் களி, மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். எங்கள் பக்கம் கடல் மணல். ஒரே திருகோணமலைக்குள் மூன்று விதமான தரை. உவர்மலையில் சரியாக நின்ற அத்திவாரத்தின் அளவை அப்படியே கொண்டுவந்து சாம்பல்தீவில் போட்டால் பிழைக்கும். பிளான் கீறித் தந்தவரும் காணிக்கு ஒருநாளும் வரவில்லை, எல்லாருக்கும் கொடுக்கிற அதே அத்திவாரப் படத்தைத்தான் எனக்கும் தந்தார் என்று பிறகு தெரிந்தது.

காணி வாங்குவதற்கு முதலே, இல்லாவிட்டால் பிளான் கீற முதலாவது, வீடு வரப்போகிற நான்கு மூலையிலும் நடுவிலும் ஆளளவு கிடங்கு வெட்டிப் பாருங்கள். எல்லாக் கிடங்கிலும் ஒரே ஆழத்தில் ஒரே நிற மண் வருகிறதா என்று பாருங்கள். மேல்மண், வேர், உக்கல் எல்லாம் கழிந்து, மனிதர் கை படாத தரை எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் அத்திவாரத்தின் அடி உட்கார வேண்டும். மூன்றடி, நாலடி என்று முன்கூட்டியே பேசுகிற கணக்கு கொந்தராத்துக்கு உதவும், தரைக்கு அது தெரியாது. அலவாங்கை ஒரே பலத்தில் எல்லா இடத்திலும் குத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் மட்டும் கூட இறங்கினால் வேலையை நிறுத்துங்கள். கிழடு கட்டைகளிடம் பேச்சுக் கொடுங்கள். நான் இதைச் செய்யவில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கிற ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

பிறகு நடந்ததையெல்லாம் வேகமாகச் சொல்கிறேன். தூண் அடிக்குக் கம்பிவலை பின்னி அப்படியே மண்ணில் வைத்துக் கொங்கிறீட் கொட்டினார்கள். கம்பிக்குக் கீழேயும் பக்கத்திலும் மூன்று அங்குலமாவது கொங்கிறீட் மூட வேண்டும், அதற்குச் சின்னச் சீமெந்துக் கட்டிகளைக் கீழே கொடுத்துத் தூக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. உப்புக் காற்றும் உவர் தண்ணீரும் உள்ள இடத்தில் மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற கம்பி துருப்பிடித்து ஊதி, மூடியிருக்கிற கொங்கிறீட்டையே பிளந்துவிடும். கலவைக்குத் தண்ணீர் குழாயால் அடித்தார்கள், பாயாசம் மாதிரி ஓடியது. ஓடினால் வேலை சுகம். ஆனால் 50 கிலோச் சீமெந்துப் பைக்கு ஏறக்குறைய 25 லீற்றர்தான் கணக்கு. அதற்கு மேலே ஊற்றுகிற ஒவ்வொரு வாளியும் பலத்தைக் குறைக்கும். தூணுக்குச் சீமெந்து, மணல், கல் 1:2:4 என்றால் பெட்டியால் அளக்க வேண்டும். மண்வெட்டிக் கணக்கில் போட்டால் காலையில் ஒரு கலவை, மத்தியானம் ஒரு கலவை.

மணல் விசயத்தில் மட்டும் தப்பினேன். முதல் வந்த லோட்டில் சிப்பி மினுங்கியது. ஒரு பிடியை வாயில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. திருப்பி அனுப்பினேன், டிரைவர் முகத்தைச் சுளித்தார். கடற்கரை மணலில் கட்டினால் கம்பிக்கும் கேடு, சுவரில் உப்புப் பூத்துப் பெயின்ற் உரியும். ஆற்று மணலிலும் வண்டல் எவ்வளவு என்று பார்க்கலாம். ஜாம் போத்தலில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி உப்பும் போட்டுக் குலுக்கி இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டால், மணலுக்கு மேலே களி தனிப் படையாக நிற்கும். அது மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வாங்காதீர்கள். எனக்கு இதைச் சொன்னது விஞ்ஞான ரீச்சர். இந்த விசயத்தில் ஆசிரியர் அறையே எனக்கு எஞ்சினியர்.

கருங்கல் அத்திவாரம் கட்டி மேலே வந்ததும், படத்தில் இருந்த கொங்கிறீட் வளை, அதாவது தூண்களையெல்லாம் சுற்றிப் பிணைக்கிற பீம், "ஒரு தட்டு வீட்டுக்கு எதுக்கு ரீச்சர்?" என்ற பேச்சில் போனது. எழுபதாயிரம் மிச்சம் என்று சந்தோசப்பட்டேன். அன்றைக்கு இவரிடம் போனில் அதைப் பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. ஈரம் ஏறாமல் இருக்கச் சாந்தும் தாரும் பூசுகிற படையை மட்டும் விடவில்லை. உள்ளே நிரப்பிய மணலைத் தண்ணீர் விட்டு அரை அடி அரை அடியாக இறுக்கியிருக்க வேண்டும். மூன்றடியையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே இரண்டு நாள் குழாயைத் திறந்துவிட்டார்கள்.

கார்த்திகை நடுவில் சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு யன்னலின் தலை வரை, வந்தது. மழை பிடித்துக்கொண்டது, வேலை நின்றது. பேசிய கூலியில் நூற்றுக்கு எழுபதைக் கொடுத்துவிட்டேன். மார்கழியில் ஒருநாள் மழை விட்ட நேரம் போனபோது முன் அறை யன்னலின் கீழ் மூலையிலிருந்து சுவரில் ஒரு கோடு. நனைந்த சீமெந்துக் கல்லில் பென்சிலால் கீறினது மாதிரி. அடுத்த கிழமை போனேன், நகம் நுழைந்தது. அதற்கடுத்த கிழமை ஐந்து ரூபாய்க் குற்றி நுழைந்தது. கோடு சாய்வாக, படிக்கட்டு மாதிரி, மேலே போகப் போக அகலமாகியது. பாடசாலையில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. இரவில் படுத்தால் வங்கிக் கடன் தவணையும் அந்தக் கோடும் மாறி மாறி வரும். இவரிடம் சொன்ன இரவு அவர் ஒன்றும் பேசவில்லை. போன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன், ஆகவில்லை. அந்த மௌனம் திட்டினதைவிடக் கஷ்டம்.

சொந்தக்காரர் வந்து பார்த்தார்கள். பெரியப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, "கன்னிமூலை இறங்குது. அங்க கிணறு கிடங்கு ஏதும் இருந்திருக்கும், வாஸ்துப்படி ஆகாது" என்றார். "பொம்பிளை தனிய நிண்டு கட்டினா இப்பிடித்தான்" என்று இன்னொருவர். எனக்கு வந்த கோபத்தில் பெரியப்பா சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ஆச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், எல்லாரும் போன பிறகு மெல்லச் சொன்னார்: "பிள்ளை, அது எங்கட ஐயா வெட்டின துரவெல்லோ. வெங்காயத்துக்குத் தண்ணி இறைச்சது. பிரச்சினை நேரம் நாங்க வெளிக்கிட்டாப் பிறகு தூந்து போச்சு. திரும்பி வந்தாக்கள் குப்பையும் கொட்டிச்சினம்." கட்டில்லாத, அகலமான, மணலில் சரிவாக வெட்டிய நீர்க்கிடங்கு. எங்கள் பக்கத்துத் தோட்டக் காணி எதிலும் ஒன்றாவது இருந்திருக்கும். உறுதியில் பார்த்தேன், "அதிலுள்ள தோட்டம் துரவு" என்று பழைய மொழியில் அழகாக எழுதியிருந்தது. எல்லா உறுதியிலும் எழுதுகிற வார்த்தை என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

தையில் ஒரு எஞ்சினியர் தம்பியைக் கூட்டிவந்தேன். அவர் முதலில் செய்தது, மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வெடிப்புக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையையும் சீமெந்தால் ஒட்டி, பக்கத்தில் திகதி எழுதியது. "இது உடைஞ்சா இன்னும் இறங்குது எண்டு அர்த்தம் அக்கா. உடையாட்டி நிண்டுட்டுது" என்றார். தினமும் போய்ப் பார்த்தேன், ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போவது மாதிரி. ஒன்பதாம் நாள் இரண்டாக உடைந்திருந்தது. அவர் விளங்கப்படுத்தினது இதுதான்: வீடு முழுவதும் ஒரே அளவாக அரை அங்குலம் இறங்கினால் சுவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு மூலை இறங்கி மற்ற மூன்றும் நிற்கும்போதுதான் சுவர் இழுபட்டுக் கிழியும். மூன்று மூலை மணலில், ஒரு மூலை துரவுக்குள். நீர் மேலே வந்ததும் உக்கின குப்பை இன்னும் இளகிவிட்டது. பீம் போட்டிருந்தால் வெடிப்பு இவ்வளவு வந்திருக்காது, ஆனால் பீம் துரவுக்கு மருந்தல்ல என்றும் சொன்னார். வெடிப்பைச் சாந்தால் அடைத்துவிடலாம் என்று மேசன் சொன்னபோது, "அது காய்ச்சலுக்குப் பவுடர் பூசுறது" என்று சிரித்தார்.

மாரித் தண்ணீர் வற்றும் வரை அந்த மூலையில் கை வைக்க முடியாது என்றார். அதனால், வேலை நின்ற கார்த்திகையிலிருந்து எண்ணினால், ஆடி வரை எட்டு மாதம் காத்திருந்தேன், வாடகை வீட்டில். கூரை போடாமல் இருந்தது ஒரு புண்ணியம். ஆடியில் அந்த மூலைத் தூணையும் இரண்டு பக்கச் சுவரில் எட்டடி எட்டடியும் உடைத்தார்கள். மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரம் வந்து தோண்டியது. பக்கத்து அத்திவாரம் சரியாமல் இருக்க மண் மூட்டை அடுக்கினார்கள். எட்டடியில் தண்ணீர், பம்ப் போட்டார்கள். ஒன்பதடியில் பெக்கோவின் பல்லில் ஒரு பனங்குற்றி மாட்டி வந்தது, துரவில் இறங்கப் படியாகப் போட்டதாம். அதற்குக் கீழே மஞ்சள் வெள்ளை மணல். எஞ்சினியர் தம்பி அலவாங்கைக் கையில் தந்து "நீங்களே குத்திப் பாருங்க அக்கா" என்றார். மூன்று அங்குலம் கூட இறங்கவில்லை. அவ்வளவு பேருக்கு முன்னால் அழுதுவிட்டேன்.

அந்த அடியிலிருந்து பழைய தூண் அடியின் மட்டம் வரை, ஆறடிக்கு ஆறடி, பெரிய கருங்கல்லைப் போட்டு இடையெல்லாம் 1:3:6 கொங்கிறீட்டால் நிரப்பி ஒரு கட்டி எழுப்பினார்கள். அதற்கு மேலே புதுக் கம்பிவலை, இந்தமுறை கட்டி கொடுத்துத் தூக்கி. தூண், பிறகு அந்த மூலையைப் பக்கத்து இரண்டு தூண்களோடு பிணைக்கிற பீம். சுற்றியுள்ள பள்ளத்தை அரை அடிப் படையாக மணல் போட்டு இறுக்கினார்கள். ஏழு நாள் சாக்குப் போட்டுத் தண்ணீர் விட்டேன், காலையில் பாடசாலைக்குப் போக முதல் ஒருதரம், பின்னேரம் ஒருதரம். கொங்கிறீட் போடுகிற ஒவ்வொரு தடவையும் மூட முதல் கம்பியையும் கிடங்கையும் நாடா வைத்துப் படம் எடுத்தேன். மூடின பிறகு யாருக்கும் ஒன்றும் காட்ட முடியாது.

கணக்கைச் சொல்கிறேன். உடைத்துக் கட்டக் கூலி 1,65,000. சாமான் 2,27,000. பெக்கோவும் பம்பும் 45,000. எஞ்சினியருக்கு 30,000. எட்டு மாத வாடகை 15,000 படி 1,20,000. மொத்தம் 5,87,000. இவருக்கு லீவில் வர இருந்த ரிக்கெற்றும் அதில் போனது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மேசன் காசு ஒன்றும் திருப்பித் தரவில்லை. ஆனால் உடைக்கிற வேலைக்கு நான்கு நாள் இரண்டு பேரைத் தன் கணக்கில் அனுப்பினார். மிச்ச நூற்றுக்கு முப்பதை நான் பிடித்து வைத்திருந்ததால்தான் அதுவும் என்று சந்தேகம். காசை வேலையின் கட்டம் கட்டமாக, நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு கொடுங்கள், கடைசிப் பங்கைக் கொஞ்சம் கனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புது மூலைச் சுவரிலும் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டச் சொன்னேன். பெயின்ற் அடித்தவர் எடுக்கவா என்று கேட்டார், விடவில்லை. யன்னல் சீலைக்குப் பின்னால் இருக்கிறது. மாரி போய்விட்டது, உடையவில்லை.

போன கிழமை பக்கத்து வெற்றுக் காணியில் நூல் கட்டியிருந்தது. சின்ன வயசு மாப்பிள்ளை பொம்பிளை, கையில் பிளான். ஆச்சி வேலியோரம் வந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அந்தக் காணியிலயும் ஒண்டு இருந்தது பிள்ளை, வேப்பமரத்துக்கு இஞ்சால" என்றார். நாட்கல்லுக்கு நாள் குறித்தாயிற்றாம், வெள்ளிக்கிழமை. நான் பின்கதவுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த அலவாங்கை எடுத்துக்கொண்டு போனேன்.